வெள்ளையடித்த வாரத்தில் வந்த கோளாறு: ஒரு வீட்டு வைஃபை குறித்த நிகழ்வு ஆய்வு

திருச்சி தில்லைநகரில் உள்ள என் அக்காவின் வீட்டில், பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்த வாரத்திலிருந்து இணையம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அடியோடு நின்றிருந்தால் சேவை நிறுவனத்தார் வந்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருப்பார்கள். அது நிற்கவில்லை. ஒரு கணினியில் ஓடும்போது பக்கத்தில் இருக்கும் மற்றொன்றில் ஓடாது. காலையில் ஓடாத கணினி, மூடித் திறந்தால் மாலைவரை ஒரு தடங்கலும் இன்றி ஓடும். சேவை நிறுவனத்தின் ஆள் இருமுறை வந்து, மோடத்தின் அருகே நின்று வேகத்தை அளந்து, வாக்களித்த 200 எம்பிபிஎஸ் முழுமையாக வருவதைக் காட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான். வீட்டில் ஒவ்வொருவரும் சொன்னதும் உண்மைதான். எல்லா உண்மைகளையும் சேர்த்து வீட்டார் வந்தடைந்த முடிவு மட்டும் தவறாக இருந்தது: "மாடியில் சிக்னல் போதவில்லை."

வீட்டின் அமைப்பு

கீழ்த்தளக் கூடத்தில் டிவிக்குக் கீழே ஃபைபர் மோடம் இருக்கிறது. அதுவே வைஃபையையும் தருகிறது. கூடத்தை ஒட்டிய அறையில் அத்தான் கணக்கு வேலைக்கு வைத்திருக்கும் டெஸ்க்டாப், மோடத்துடன் கேபிள் வழியாக இணைக்கப்பட்டது. அதே அறையில் வைஃபை பிரிண்டர் ஒன்று உண்டு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், இடையில் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளமும் இருப்பதால் மாடிக்குக் கீழ்த்தள வைஃபை சரியாக எட்டாது. ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மோடத்திலிருந்து குழாய் வழியாக ஒரு கேபிளை மாடிக்குக் கொண்டுசென்று, அங்கே இரண்டாவது ரூட்டர் ஒன்றை வைத்திருந்தார்கள். மாடியில் அக்கா மகளின் அலுவலக லேப்டாப்பும் அக்கா மகனின் கல்லூரி லேப்டாப்பும் ஓடும். அக்காவிடம் ஒரு பழைய லேப்டாப் உண்டு. அது வீடு முழுவதும் நடமாடும். நான்கு கைப்பேசிகளும் ஒரு டிவியும் போக, கணக்கில் வருபவை இவ்வளவே.

இதில் ஒரு சிக்கல் முன்பே ஒளிந்திருந்தது. கைப்பேசிகள் மாடிக்கும் கீழுக்கும் தடையின்றி மாற வேண்டும் என்று, அக்கா மகன் இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைஃபை பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் கொடுத்திருந்தான். அது தவறான செயல் அன்று, நல்ல வழக்கமே. ஆனால் கோளாறு வந்த நாளில், எந்தக் கணினி எந்தப் பெட்டியைப் பிடித்திருக்கிறது என்பதைப் பெயரைப் பார்த்து அறிய முடியாமல் போனது.

மூன்று நாள் குறிப்பு

நான் ஊருக்குப் போவதற்கு முன், தொலைபேசியிலேயே ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். ஒரு தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் நேரம், கருவி, இருந்த இடம், திரையில் வந்த வாசகம், பிறகு எப்படிச் சரியாயிற்று என்ற ஐந்தையும் எழுதச் சொன்னேன். "மாமா, ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்தானே, இதற்குப் போய்த் தாள் எல்லாம் எதற்கு?" என்று அக்கா மகள் கேட்டாள். காரணம் தெரியாமல் மூன்றாவது பெட்டி ஒன்றைச் சேர்த்தால் தேட வேண்டிய இடமும் மூன்றாகும் என்று சொல்லி, மூன்று நாள் பொறுக்கும்படி கேட்டேன்.

தாளில் 17 பதிவுகள் சேர்ந்தன. அக்கா மகளுடையவை 7, மகனுடையவை 4, அக்காவுடையவை 2, டிவி 2, பிரிண்டர் 2. அத்தானின் டெஸ்க்டாப் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. அதைக் கொண்டு அத்தான், "கேபிளில் வருவது நன்றாக இருக்கிறது, காற்றில் வருவதுதான் கெட்டிருக்கிறது" என்று முடிவுகட்டியிருந்தார். கைப்பேசிகளும் பதிவில் இல்லை. ஆனால் அவற்றின் பங்கு வேறொரு வழியில் வெளிப்பட்டது. தினசரி டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிட்டதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருவதாக அக்கா சலித்துக்கொண்டார். வைஃபை இணைந்திருந்தும் அதன்வழி இணையம் வராதபோது, இன்றைய கைப்பேசிகள் பல சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்கின்றன. கைப்பேசிகளுக்கும் இதே கோளாறு இருந்திருக்கிறது. அவை அதை மறைத்துவிட்டன. "ஃபோனில் வருகிறது, லேப்டாப்பில்தான் வரவில்லை" என்று லேப்டாப்பின் மேல் பழி விழுந்ததற்கு இதுவே காரணம்.

அந்தத் தாளை இரண்டு முறை படித்தபோது மூன்று செய்திகள் கண்ணில் பட்டன. முதலாவது, ஒருமுறை சரியாக இணைந்த கணினி பல மணி நேரம் சரியாகவே இருந்தது. தவறாக இணைந்தது மூடித் திறக்கும்வரை தவறாகவே இருந்தது. சிக்னல் குறைவோ, பக்கத்து வீட்டு வைஃபையின் இடையூறோ, மைக்ரோவேவ் அடுப்போ காரணமானால் கோளாறு இப்படி நடந்துகொள்ளாது; வேகம் ஏறும், இறங்கும், துண்டிக்கும், மீளும். இங்கே இருந்ததோ உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலை. இரண்டாவது, அக்காவின் பதிவுகளில் ஒன்று கூடத்தில், மோடத்துக்கு மூன்று மீட்டர் தூரத்தில் நிகழ்ந்தது. மூன்றாவது, ஒரு பதிவு அக்கா மகளின் கையெழுத்தில், கேலியாக ஒரு வியப்புக்குறியுடன் இருந்தது: "இணையம் இல்லை. ஆனால் பிரிண்ட் வந்தது!"

மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கடந்துபோன அந்த வரியே இந்த ஆய்வின் திறவுகோல் என்பதை, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், நானும் அன்றே உணரவில்லை. மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டருக்கு அதற்கு முன் ஒருநாளும் அச்சுக் கட்டளை போனதில்லை. அக்கா மகள் கோப்பைத் தன் தந்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் டெஸ்க்டாப்பிலிருந்து அச்சிட்டுத் தருவதே மூன்று ஆண்டுகளாக இருந்த வழக்கம். மூன்று ஆண்டுகள் நடக்காத ஒன்று, இணையம் வராத நாளில் நடந்திருக்கிறது. வீட்டு வலையமைப்பின் வடிவமே மாறியிருந்தாலன்றி அது நடக்க வழியில்லை.

நான் தவறவிட்ட எண்

முதல் நாள் மாலை அக்கா மகளின் லேப்டாப் கோளாறான நிலையிலேயே கையில் கிடைத்தது. மூடித் திறக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். சிக்னலின் அளவு மைனஸ் 48 டிபிஎம். இந்த அளவுகோலில் சுழியத்துக்கு அருகே வர வர வலுக்கூடும். மைனஸ் 67 அளவிலேயே காணொளிப் பேச்சு தடையின்றி நடக்கும் என்பதால் மைனஸ் 48 மிகத் தாராளம். அடுத்து, ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையின் வழக்கமான மூன்று படிகள்: வீட்டிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசலான கேட்வேக்கு பிங், வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங், பிறகு ஒரு தளத்தின் பெயருக்கு பிங். கேட்வே மூன்று மில்லி விநாடியில் பதில் தந்தது. வெளியே அனுப்பிய எதற்கும் பதில் இல்லை.

கேட்வே பதில் தருகிறது, வெளியிலிருந்து பதில் இல்லை என்றால் பழுது வீட்டுக்கு வெளியே என்று பாடம் ஒப்பிப்பதுபோல் முடிவு செய்தேன். சேவை நிறுவனத்தை அழைத்து, காத்திருப்பு இசையை இருபது நிமிடம் கேட்டேன். அந்த இருபது நிமிடமும் அக்கா மகன் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், இணையம் வழியாகத்தான். அழைப்பைத் துண்டித்துவிட்டு, லேப்டாப்பின் திரையை மறுபடி பார்த்தபோதுதான் எண் கண்ணில் விழுந்தது. பதில் தந்த கேட்வேயின் முகவரி 192.168.0.1. மோடத்தின் முகவரியோ 192.168.1.1. பதில் தந்தது உண்மை. ஆனால் நான் நினைத்த பெட்டி தரவில்லை.

அதன்பின் வேலை விரைவாக நடந்தது. ஒவ்வொரு கணினியிலும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையின் விரிவான வடிவத்தை ஓட்டி, அதன் முகவரி, கேட்வே, முகவரியைக் கொடுத்த டிஹெச்சிபி சர்வர் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் பக்கம்பக்கமாக எழுதினேன். நன்றாக ஓடிய மகனின் லேப்டாப்பில் மூன்றும் 192.168.1 என்று தொடங்கின. ஓடாத மகளின் லேப்டாப்பில் மூன்றும் 192.168.0 என்று தொடங்கின. இரண்டும் மாடியில், ஒரே பெட்டியின் ஒரே வைஃபையில் இணைந்திருந்தவை. பிரிண்டரின் சிறு திரையில் பார்த்தால் அதன் முகவரியும் 192.168.0 வகையாக இருந்தது. மகளின் பிரிண்ட் வந்ததன் மர்மம் அங்கே அவிழ்ந்தது: இரண்டும் ஒரே தவறான தெருவில் குடியேறியிருந்தன. அதே காரணத்தால்தான், இணையம் நன்றாக வந்த அத்தானின் டெஸ்க்டாப்புக்குப் பிரிண்டர் காணாமல் போயிருந்தது.

நடந்தது என்ன

ஒரு கணினி வலையமைப்பில் சேரும்போது அதற்கு யாரையும் தெரியாது. "எனக்கு ஒரு முகவரி தேவை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஓர் அறிவிப்பை வெளியிடும். முகவரி வழங்கும் பொறுப்புடைய சர்வர் ஒன்றைத் தர முன்வரும், கணினி அதைக் கேட்டுப் பெறும், சர்வர் உறுதிசெய்யும். டிஹெச்சிபி எனப்படும் இந்த நடைமுறை 1997இல் இன்றைய வடிவில் வரையறுக்கப்பட்டது. முகவரியோடு, வெளியே போக எந்தக் கேட்வேயைக் கேட்க வேண்டும் என்ற செய்தியும் சேர்ந்தே வரும். ஒரு வலையமைப்பில் இரண்டு சர்வர்கள் இருந்து இரண்டுமே முன்வந்தால், பொதுவாக எது முதலில் வந்து சேர்கிறதோ அதையே கணினி ஏற்கும். தெருமுனையில் வழி கேட்பவருக்கு முதலில் வாய் திறந்தவர் சொல்வதே வழி. அவருக்கு ஊர் தெரியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை.

மாடி ரூட்டரைத் திருப்பிப் பார்த்தேன். வெளியிணைப்புக்கென்று தனியாக உள்ள நீல நிற வேன் போர்ட் காலியாக இருந்தது. கீழிருந்து வரும் கேபிள், வீட்டுக் கருவிகளை இணைப்பதற்கான மஞ்சள் நிற லேன் போர்ட் ஒன்றில் செருகப்பட்டிருந்தது. வெள்ளையடிக்கும்போது ரூட்டரைக் கழற்றி வைத்தது வண்ணம் பூச வந்தவர்கள். திரும்ப மாட்டியது யார் என்று அக்கா கேட்டபோது அத்தான் சிறிது நேரம் பேசவில்லை.

நீலப் போர்ட்டில் இருந்தவரை மாடி ரூட்டர் ஓர் எல்லைச் சுவராக இருந்தது. மாடிக் கணினிகளுக்குத் தானே முகவரி கொடுத்து, அவற்றின் போக்குவரத்தைத் தன் பெயரில் மோடத்துக்கு அனுப்பியது. அதனால் இணையம் வந்தது. ஆனால் மாடியிலிருந்து கீழ்த்தளப் பிரிண்டரை அறிவிப்பு வழியே தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அறிவிப்பு எல்லையைத் தாண்டாது. கேபிள் மஞ்சள் போர்ட்டுக்கு மாறியதும் சுவர் இடிந்து, மாடியும் கீழும் ஒரே கூடமாயின. பிரிண்டர் எட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனால் மாடி ரூட்டர் முகவரி வழங்கும் தன் பழைய தொழிலை விடவில்லை. தன்னையே கேட்வே என்றும் அறிவித்துக்கொண்டிருந்தது. நீலப் போர்ட் காலியாக இருந்ததால் அதற்கு வெளியே போக வழியில்லை. அதன் பேச்சைக் கேட்ட கணினி சுவரில் முட்டி நின்றது.

மற்ற புதிர்களும் இதிலேயே தீர்ந்தன. மாடியில் கோளாறு மிகுதியாக இருந்ததற்குக் காரணம், அங்கே மாடி ரூட்டரின் பதில் பெரும்பாலும் முந்தியதே. கீழே மோடத்தின் பதில் முந்தும், ஆனால் எப்போதும் அன்று. அக்கா மோடத்துக்கு அருகே அமர்ந்தும் மாட்டிக்கொண்டது அப்படித்தான். முகவரி குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கப்படுகிறது. அதில் பாதி கழிந்ததும் கணினி, முகவரி தந்த அதே சர்வரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்கிறது. எனவே தவறான சர்வரிடம் சிக்கியது தானாக மீள்வதில்லை. மூடித் திறந்தால் சில வேளை சரியானது மீண்டும் சீட்டுக் குலுக்கியதால்தான். அத்தானின் டெஸ்க்டாப்போ குலுக்கலிலேயே கலந்துகொள்ளவில்லை. யாரோ எப்போதோ அதற்கு 192.168.1.10 என்று நிலையான முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். அது தப்பியதற்கும் கேபிளுக்கும் தொடர்பே இல்லை.

கருத்து சரியா என்று சோதிக்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பதால், மாடி ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அக்காவின் லேப்டாப்பைக் கூடத்தில் வைத்துப் பத்து முறை முகவரியை விடுவித்துப் புதிதாகக் கேட்கச் செய்தேன். பத்து முறையும் 192.168.1 வகை வந்தது. மாடி ரூட்டரை ஓடவிட்டு அதே இடத்தில் மறுபடி பத்து முறை கேட்டபோது மூன்று முறை 192.168.0 வகை வந்தது. அந்த மூன்று முறையும் இணையம் இல்லை.

திருத்தம்

கேபிளைப் பழையபடி நீலப் போர்ட்டில் செருகினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அத்தானும் அதையே விரும்பினார். ஆனால் பிரிண்டர் சிக்கலும் கூடவே திரும்பி வந்திருக்கும். தவறுதலாக நேர்ந்த இணைப்பே இந்த வீட்டுக்கு ஏற்றது என்பது என் கருத்து. அதற்கு மாடி ரூட்டர் முகவரி வழங்குவதை மட்டும் நிறுத்த வேண்டும். கீழிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு லேப்டாப்பை நேரடியாக ரூட்டரில் இணைத்து, முதலில் டிஹெச்சிபியை அணைத்தேன். பிறகு அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். இந்த வரிசை முக்கியம். முகவரியை முதலில் மாற்றினால், சில ரூட்டர்கள் வழங்கும் முகவரிகளையும் அதற்கேற்பத் தாமே மாற்றிக்கொண்டு, இரண்டு சர்வர்களும் ஒரே எண்களை இருவருக்கு வழங்கும் நிலை உண்டாகும். அப்போது எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வசதியும் போய்விடும். எல்லாம் முடிந்தபின் கேபிளை மஞ்சள் போர்ட்டில் செருகி, நீலப் போர்ட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, "இதில் செருகாதீர்கள்" என்று எழுதிவைத்தேன்.

மோடம் 192.168.1.2 முதல் 254 வரை எல்லா எண்களையும் வழங்கக்கூடியதாக இருந்தது. டெஸ்க்டாப்பின் 10 என்ற எண்ணை ஒரு நாள் டிவிக்குக் கொடுத்திருந்தால் புதிய குழப்பம் ஒன்று பிறந்திருக்கும். அதை 100 முதல் 200 வரை என்று சுருக்கி, பிரிண்டருக்கு 150 என்ற எண்ணை நிரந்தரமாக ஒதுக்கினேன்.

இணையம் எல்லாக் கணினிகளிலும் நிலைத்தது. அப்போதுதான் அதுவரை பெரிய கோளாறின் நிழலில் இருந்த சிறிய கோளாறுகள் தெரிந்தன. மாடியில் எந்தக் கணினியில் அளந்தாலும் வேகம் 94 எம்பிபிஎஸ் என்ற இடத்தில் வந்து நின்றது. வைஃபை குறைவு இப்படிக் கோடு கிழித்ததுபோல் நிற்காது. 94 என்ற எண், 100 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பில் நடைமுறையில் கிடைக்கும் உச்சம். கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு ஜோடி நன்றாக இருந்தாலே 100 ஓடும். அதைவிட வேகமான ஜிகாபிட் இணைப்புக்கு நான்கும் வேண்டும். ரூட்டரைக் கழற்றும்போது கேபிள் இழுபட்டு, மாடி முனையில் பழுப்புக் கம்பி ஒன்று கனெக்டருக்குள் விட்டுப்போயிருந்தது. முனையை வெட்டி, புதிய கனெக்டர் போட்டு கிரிம்ப் செய்ததும் மாடியில் 180க்கு மேல் வந்தது.

அக்காவின் பழைய லேப்டாப் மட்டும் மாடியில் 54 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாண்டி இணையவே இல்லை. மாடி ரூட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி என்ற பழைய மறைகுறியாக்கமும் அனுமதிக்கப்பட்டிருந்தது; அந்த லேப்டாப் அதையே தேர்ந்துகொண்டிருந்தது. 2009இல் வந்த 802.11என் தரம் தன் உயர் வேகங்களை டிகேஐபியுடன் பயன்படுத்த விடுவதில்லை. அதற்குப் பின் வந்த மறைகுறியாக்கமான ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றியவுடன் லேப்டாப்புக்கு இளமை திரும்பியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரண்டு பெட்டிகளும் 6ஆம் சேனலிலேயே இருந்தன. ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாதபடி ஒன்றை 1க்கும் மற்றதை 11க்கும் மாற்றினேன்.

அக்கா மகளுக்கு இன்னும் ஒரு குறை மிச்சமிருந்தது. கீழே காபி குடித்துவிட்டு லேப்டாப்புடன் மாடிக்கு ஏறினால், அடுத்த அலுவலகக் கூட்டத்தில் குரல் உடைந்தது. எந்தப் பெட்டியைப் பிடிப்பது, எப்போது மாறுவது என்பதை முடிவு செய்வது ரூட்டர் அன்று, லேப்டாப்தான். கீழ்த்தள மோடத்தை மைனஸ் 76 டிபிஎம் அளவிலும் அது விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. மாடி ரூட்டர் ஓர் இரும்பு பீரோவின் பின்னால் இருந்தது. அதை மாடிக் கூடத்து அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றி, லேப்டாப்பின் அமைப்பில் விரைவாக மாறும் விருப்பத்தைத் தேர்ந்த பிறகு, படியேறி முடிப்பதற்குள் மாறத் தொடங்கியது.

தாளைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து அக்கா படித்துக் காட்டிய பதிவுகள் மூன்று. மூன்றும் மின்தடை நேரங்கள்: மோடம் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறது, மாடி ரூட்டர் இல்லை. மாடிக்கு இன்வெர்ட்டர் வயர் இழுக்கும் வேலை எலெக்ட்ரீஷியன் வருவதற்காகக் காத்திருக்கிறது.